யாரை நம்பி ஓடுகிறது நம் கம்ப்யூட்டர்?

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை முற்பகல். ஹைதராபாத் விமான நிலையத்தில் செக்-இன் கம்ப்யூட்டர்கள் வேலை செய்யவில்லை. பிரின்டரும் ஓடவில்லை. கவுன்ட்டருக்கு முன்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. இண்டிகோ ஊழியர்கள் பேனாவை எடுத்தார்கள். பயணியின் பெயர், விமான எண், இருக்கை எண் என்று ஒவ்வொன்றாகக் கையால் எழுதி போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். கொல்கத்தா போகவிருந்த ஒரு பயணி அதைப் படம் எடுத்துப் போட, அன்று மாலைக்குள் உலகமே அந்தத் துண்டு அட்டையைப் பார்த்துவிட்டது.

சென்னை, பெங்களூரு, டெல்லி என எல்லா ஊர்களிலும் அன்று இதே நிலைதான். இண்டிகோ மட்டும் ஏறக்குறைய 200 விமானங்களை ரத்து செய்தது. லண்டனில் ஸ்கை நியூஸ் ஒளிபரப்பு நின்றது. பிரிட்டனில் குடும்ப டாக்டர்கள் நோயாளிகளின் பதிவேட்டைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைத்தன.

எந்த எதிரி நாடும் தாக்கவில்லை, எந்த ஹேக்கரும் உள்ளே நுழையவில்லை. கம்ப்யூட்டர்களைப் பாதுகாக்கும் வேலையைச் செய்யும் க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்க நிறுவனம், தன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு சிறிய அப்டேட் கோப்பை அனுப்பியது. அதில் பிழை இருந்தது. நடந்தது அவ்வளவுதான்.

இந்தத் துறையில் சம்பளம் வாங்கிப் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அன்று உடைந்தது ஒரு மென்பொருள் மட்டுமல்ல. பெரிய வங்கி முதல் திருப்பூர் பனியன் கம்பெனி வரை எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த ஒரு கணக்கும் உடைந்தது. எல்லாவற்றையும் பெரிய கம்பெனி ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டால் நமக்குக் கவலையில்லை என்பதே அந்தக் கணக்கு. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு சம்பவமும் அந்தக் கணக்கு தப்பு என்றே காட்டியிருக்கிறது.

78 நிமிடங்கள்

இந்திய நேரம் காலை 9.39-க்கு அந்தக் கோப்பு வெளியானது. 10.57-க்குத் திரும்பப் பெறப்பட்டது. இடைப்பட்ட 78 நிமிடங்களில் இணையத்தில் இருந்து அதை வாங்கிக்கொண்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டி விழுந்தன. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம். உலகில் உள்ள மொத்த விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் இது ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் அவை இருந்த இடங்கள் விமான நிலையங்கள், வங்கிகள், மருத்துவமனைகள்.

பிழை என்ன? புதிய வகைத் தாக்குதல்களை அடையாளம் காட்டும் அந்தக் கோப்பு 21 புலங்களை எதிர்பார்த்தது. கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்த நிரல் கொடுத்தது 20. இல்லாத இருபத்தோராவதைத் தேடி, நினைவகத்தில் தனக்கு உரிமையில்லாத இடத்தை நிரல் படிக்கப்போனது. சாதாரண மென்பொருள் இப்படிச் செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். க்ரவுட்ஸ்ட்ரைக் மென்பொருளோ விண்டோஸின் கருவான கெர்னலுக்குள் இயங்குவது. அங்கே தவறு நடந்தால் மொத்த இயந்திரமும் நின்றுவிடும்.

என்னை அதிகம் உலுக்கியது வேறொரு விஷயம். புது வெர்ஷன் வந்த உடனே போடாமல், வேண்டுமென்றே ஒரு படி பின்தங்கி இருக்கும்படி அமைத்துவைத்த எச்சரிக்கையான நிறுவனங்களும் அன்று தப்பவில்லை. அந்தக் கட்டுப்பாடு மென்பொருளின் புதிய பதிப்புகளுக்கு மட்டும்தான் பொருந்தியது. இதுபோல அவசரமாக வரும் அடையாளக் கோப்புகள் அதைக் கேட்காமலே உள்ளே வந்துகொண்டிருந்தன. முதலில் நூறு கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பிப் பார்த்து, பிறகு ஆயிரம், பிறகு லட்சம் என்று படிப்படியாகப் போகும் வழக்கம் எங்கள் துறையில் பல ஆண்டுகளாக இருக்கிறது. அந்தக் கோப்புக்கு அது கடைப்பிடிக்கப்படவில்லை. விழுந்த பிறகுதான், இனி படிப்படியாக அனுப்புவோம், எப்போது ஏற்பது என்பதை வாடிக்கையாளரே முடிவு செய்யலாம் என்று க்ரவுட்ஸ்ட்ரைக் அறிவித்தது.

கோப்பைத் திரும்பப் பெற்றதால் விழுந்தவை எழுந்துவிடவில்லை. பெரும்பாலான இடங்களில் ஒவ்வொரு கம்ப்யூட்டர் முன்னாலும் ஓர் ஆள் போய் உட்கார வேண்டியிருந்தது. சேஃப் மோடில் திறந்து, விண்டோஸ் ஃபோல்டருக்குள் டிரைவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய், ‘சி-00000291’ என்று தொடங்கும் கோப்பைத் தேடி அழித்து, மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். பழகிய கைக்கு ஐந்து, பத்து நிமிட வேலை. ஆனால் நல்ல பாதுகாப்பு உள்ள நிறுவனங்களில் ஹார்டு டிஸ்க் பிட்லாக்கர் போட்டுப் பூட்டப்பட்டிருக்கும். அதைத் திறக்க 48 இலக்க எண் வேண்டும், ஆறாறு இலக்கமாக எட்டுத் தொகுதிகள். ஒருவர் போனில் வாசிக்க, இன்னொருவர் தட்ட, ஓர் இலக்கம் மாறினாலும் திரும்பச் செய்ய வேண்டும். அந்த எண்களைச் சேமித்துவைத்த சர்வரும் அதே நீலத்திரையில் கிடந்தால்? பல நிறுவனங்களில் அதுதான் நடந்தது. மைக்ரோசாஃப்ட் தன் அஷூர் க்ளவுடில் இருந்த சர்வர்களுக்குச் சொன்ன யோசனைகளில் ஒன்று, 15 முறை வரை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள் என்பது. உலகின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனம் வெளியிட்ட அதிகாரபூர்வ வழிகாட்டுதல் இது.

---

■ 2010-லும் நடந்தது

2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி ஆன்ட்டி-வைரஸின் அப்டேட் ஒன்று, விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பு ஒன்றையே வைரஸ் என்று தவறாகக் கருதித் தூக்கியது. உலகம் முழுவதும் அலுவலகக் கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன. அப்போது மெக்காஃபியின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி ஜார்ஜ் கர்ட்ஸ். அடுத்த ஆண்டு அவர் வேறு சிலரோடு சேர்ந்து தொடங்கிய நிறுவனம்தான் க்ரவுட்ஸ்ட்ரைக். 2024-ல் அதன் தலைமைச் செயல் அதிகாரியும் அவரே.

---

நஷ்டம் யாருக்கு?

அமெரிக்காவின் டெல்டா ஏர்லைன்ஸ் ஐந்து நாட்களில் சுமார் 7,000 விமானங்களை ரத்து செய்தது. எந்த விமானத்துக்கு எந்த பைலட் என்று ஒதுக்கும் மென்பொருள் மீண்டு எழத் திணறியதே இதற்கு முக்கியக் காரணம். நஷ்டம் 50 கோடி டாலர் என்றது டெல்டா. க்ரவுட்ஸ்ட்ரைக் தரப்பு வக்கீல் எழுதிய பதில், ஒப்பந்தப்படி எங்கள் பொறுப்பின் உச்சவரம்பே சில மில்லியன் டாலர்தான் என்றது. 2024 அக்டோபரில் டெல்டா ஜார்ஜியா மாநில நீதிமன்றத்துக்குப் போனது. மறுபக்கம் மைக்ரோசாஃப்டோ, டெல்டா தன் பழைய அமைப்புகளைப் புதுப்பிக்காததே தாமதத்துக்குக் காரணம் என்று அறிவித்தது.

டெல்டாவிடம் வக்கீல்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் மென்பொருள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் தொழிலதிபர்களில் எத்தனை பேர் அந்தப் பொறுப்பு வரம்புப் பத்தியைப் படித்திருப்பார்கள்? பெரும்பாலான ஒப்பந்தங்களில் இழப்பீட்டின் உச்சவரம்பு, நாம் கட்டிய சந்தாத் தொகையைத் தாண்டாது. ஏற்றுமதி ஆர்டர் ஒன்று கப்பல் தவறினால் வரும் நஷ்டத்துக்கும் அந்தத் தொகைக்கும் சம்பந்தமே இருக்காது.

தீபாவளி மதியம்

2025 அக்டோபர் 20. இங்கே தீபாவளி. மதியம் 12.18-க்கு, அமெரிக்காவின் வடக்கு விர்ஜீனியாவில் உள்ள அமேசான் வெப் சர்வீசஸின் டேட்டா சென்டர் தொகுதியில் கோளாறு தொடங்கியது. டைனமோடிபி என்ற தரவுத்தள சேவையின் இணைய முகவரியைப் பராமரிக்கும் இரண்டு தானியங்கி நிரல்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டன. பழைய பட்டியலை ஒன்று எழுதிவைக்க, அது பழையது என்று இன்னொன்று அழிக்க, கடைசியில் முகவரியே காலியானது. அந்தச் சேவையை நம்பியிருந்த அமேசானின் மற்ற சேவைகளும் அடுத்தடுத்து சரிந்தன. முழுதாகச் சீராக ஏறக்குறைய 15 மணி நேரம் ஆனது.

ஸ்னாப்சாட், சிக்னல், பிரிட்டனின் லாயிட்ஸ் வங்கி ஆகியவை பாதிக்கப்பட்டன. எய்ட் ஸ்லீப் என்ற நிறுவனத்தின் ‘ஸ்மார்ட்’ மெத்தைகளும் தப்பவில்லை. வெப்பத்தையும் சாய்வையும் க்ளவுட் வழியாகக் கட்டுப்படுத்தும் அந்த மெத்தைகள் சூட்டிலும் சாய்ந்த நிலையிலும் சிக்கிக்கொண்டன. படுக்கையின் சாய்வை மாற்ற விர்ஜீனியாவின் அனுமதி தேவைப்படும்படி ஒரு பொருளை வடிவமைத்தது, என் தொழிலில் இருக்கும் எல்லோரும் வெட்கப்பட வேண்டிய விஷயம். இணைப்பு அறுந்தாலும் அடிப்படை வேலை நடக்க வேண்டும் என்பது பொறியியலின் முதல் பாடம்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. நவம்பர் 18 அன்று, பல இணையதளங்களின் போக்குவரத்தைக் கையாளும் க்ளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் சேவை விழுந்தது. தரவுத்தள அனுமதி ஒன்றை மாற்றியதால் ஒரு கோப்பின் அளவு இரட்டிப்பாகி, நிரல் ஏற்றுக்கொள்ளும் வரம்பைத் தாண்டிவிட்டது. சாட்ஜிபிடியும் எக்ஸ் தளமும் திறக்கவில்லை. டிசம்பர் 5 அன்று அதே நிறுவனத்தில் மறுபடி சுமார் 25 நிமிடத் தடங்கல். இந்திய நேரம் மதியம் 2.17, பங்குச்சந்தை நடந்துகொண்டிருந்த நேரம். ஸெரோதா, க்ரோ செயலிகளில் வாங்கவோ விற்கவோ முடியாமல் தவித்தவர்கள் நம்மவர்கள்.

முந்நூறு வங்கிகள், ஒரே வாசல்

இதெல்லாம் அமெரிக்கக் கம்பெனிகளின் கதை என்று நினைக்க வேண்டாம். க்ரவுட்ஸ்ட்ரைக் சம்பவத்துக்குப் பன்னிரண்டு நாள் கழித்து, 2024 ஜூலை 31 அன்று, நாடு முழுவதும் சுமார் 300 சிறிய வங்கிகளின் வாடிக்கையாளர்கள் ஏடிஎம்மில் பணம் எடுக்க முடியாமல், யுபிஐ அனுப்ப முடியாமல் நின்றார்கள். பெரும்பாலும் கூட்டுறவு வங்கிகள், கிராம வங்கிகள். அந்த வங்கிகளுக்குத் தொழில்நுட்பம் தருவது சி-எட்ஜ் டெக்னாலஜிஸ், டிசிஎஸ்ஸும் ஸ்டேட் வங்கியும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம். அதன் ஒரு பகுதியை, தரவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கியது. தொற்று பரவாமலிருக்க, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ அதன் இணைப்பைத் துண்டித்தது. துண்டித்தது சரியான முடிவுதான். மறுநாள் இணைப்பு திரும்பியது.

ஆனால் கவனியுங்கள். முந்நூறு வங்கிகள் என்றால் முந்நூறு நிர்வாகக் குழுக்கள், முந்நூறு லைசென்ஸ்கள். வெளியே போகும் வாசல் மட்டும் ஒன்று. சிறிய வங்கி ஒவ்வொன்றும் தனித்தனியாக டேட்டா சென்டர் வைத்துக்கொள்ள முடியாது, அது நியாயம். பகிர்ந்துகொண்டால் செலவு குறைகிறது. சேமித்த அந்தப் பணத்தில் ஒரு பங்கை இரண்டாவது வழிக்கு ஒதுக்கினார்களா என்பதே என் கேள்வி.

யுபிஐயிலும் இதே நெருக்கடி உருவாகி வருகிறது. பரிவர்த்தனைகளில் சுமார் 80 சதவீதம் ஃபோன்பே, கூகுள் பே என்ற இரண்டே செயலிகள் வழியாகப் போகின்றன. ஒரு செயலி 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2020-லேயே என்பிசிஐ விதி போட்டது. அந்த விதியின் கெடு தள்ளிப்போய்க்கொண்டே வந்து, இப்போது 2026 கடைசி என்று நிற்கிறது.

வாங்கியது போய், வாடகை வந்தது

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம் மென்பொருள் வாங்கினால் அது அவர்களுடையது. புது வெர்ஷன் பிடிக்கவில்லையா, பழையதையே ஓட்டலாம். 2013-ல் அடோபி தன் வடிவமைப்பு மென்பொருள்களை மாதச் சந்தாவுக்கு மாற்றியது. பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். வாடகைக்குக் குடியிருப்பவருக்கும் வீட்டுக்காரருக்கும் உள்ள உறவு என்னவோ, அதுதான் இன்று நிறுவனங்களுக்கும் மென்பொருள் கம்பெனிகளுக்கும் இடையே இருப்பது.

இதன் கடுமையை விஎம்வேர் வாடிக்கையாளர்களிடம் கேட்க வேண்டும். உலகின் டேட்டா சென்டர்களில் பெரும்பங்கு அந்த மென்பொருளின் மேல்தான் ஓடிக்கொண்டிருந்தது. 2023 நவம்பரில் பிராட்காம் அதை வாங்கியது. அடுத்த மாதமே, ஒருமுறை பணம் கட்டினால் நிரந்தர உரிமம் என்ற முறையை நிறுத்தி, இனி சந்தா மட்டும்தான் என்றது. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏ.டி. அண்ட் டி. வழக்குப் போட்டு, தன்னிடம் 1,050 சதவீத விலை உயர்வு கேட்கப்பட்டதாகச் சொன்னது. பின்னர் இரு தரப்பும் சமரசம் ஆனார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை.

நம் சிறு தொழிலதிபர்களுக்கு நேரடியாக வந்தது விண்டோஸ் 10 விவகாரம். 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் நின்றது. விண்டோஸ் 11-க்கு மாற டிபிஎம் 2.0 பாதுகாப்பு சிப்பும் புதிய ப்ராசஸரும் வேண்டும். 2017-க்கு முன் வந்த இன்டெல் ப்ராசஸர்கள் பெரும்பாலும் தகுதி பெறாது. எடைமேடையில் பில் போடும் கம்ப்யூட்டரும், கணக்குப்பிள்ளை டாலி போடும் கம்ப்யூட்டரும் நன்றாகத்தான் ஓடுகின்றன. ஆனால் பாதுகாப்பு அப்டேட் தொடர வேண்டுமானால் நிறுவனங்கள் ஒரு கம்ப்யூட்டருக்கு முதல் ஆண்டு 61 டாலர் கட்ட வேண்டும். இரண்டாம் ஆண்டு அது இரட்டிப்பு, மூன்றாம் ஆண்டு மறுபடி இரட்டிப்பு. நல்ல நிலையில் உள்ள இயந்திரத்தைக் குப்பைக்கு அனுப்ப வைக்கும் இந்த முடிவு, வாங்கியவர் எடுத்தது அல்ல.

பணம் கட்டியும் பூட்டிய கதவு

2025 ஜூலை 18 அன்று ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்யாவுக்கு எதிரான புதிய தடைகளில் நயாரா எனர்ஜியைச் சேர்த்தது. குஜராத்தின் வாடினாரில் ஆண்டுக்கு 2 கோடி டன் கச்சா எண்ணெய் சுத்திகரிக்கும் இந்திய நிறுவனம் அது. ரஷ்யாவின் ரோஸ்நெஃப்டுக்கு அதில் 49.13 சதவீதப் பங்கு. இந்தியா அந்தத் தடையை ஏற்கவில்லை. ஆனாலும் சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் நயாராவுக்கான சேவைகளை நிறுத்தியது. மெயில் போனது, டீம்ஸ் போனது. முழுப் பணம் கட்டிய உரிமம் இருந்தும் தங்கள் சொந்தத் தரவையே தொட முடியவில்லை என்று நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. இடைக்காலத்தில் ரீடிஃப் மெயிலுக்கு மாறினார்கள். ஜூலை கடைசியில் மைக்ரோசாஃப்ட் சேவையைத் திருப்பித் தந்தது.

ஒரு நாட்டின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, வேறொரு கண்டத்தின் அரசியல் முடிவால், மூன்றாவது நாட்டுக் கம்பெனியின் சுவிட்சில் மௌனமாகிவிட முடியும். கோளாறு எதுவும் இல்லை, எல்லாம் சரியாக இயங்கிய நிலையிலேயே இது நடந்தது. அதனால்தான் இதை மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய எச்சரிக்கையாகக் கருதுகிறேன்.

---

■ சட்டம் எதுவரை வரும்?

வங்கிகளுக்கு: தொழில்நுட்பச் சேவைகளை வெளியில் ஒப்படைப்பது குறித்து ரிசர்வ் வங்கி 2023-ல் விதிமுறை வெளியிட்டது. ஒப்பந்தத்தை விட்டு வெளியேறும் திட்டம் இருக்க வேண்டும், ஒரே நிறுவனத்தைச் சார்ந்திருப்பதன் ஆபத்தை மதிப்பிட வேண்டும் என்கிறது அது.

ஐரோப்பாவில்: 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்த டேட்டா சட்டப்படி, ஒரு க்ளவுடிலிருந்து இன்னொன்றுக்கு மாற வாடிக்கையாளருக்கு வழி தர வேண்டும். மாறுவதற்கான கட்டணங்கள் 2027 ஜனவரி 12 முதல் கூடவே கூடாது.

நம் ஊர்த் தொழிற்சாலைக்கும் கடைக்கும்: இப்படியொரு உரிமையைத் தரும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினால்தான் உண்டு.

---

உள்ளூர்க்காரர் என்றால் போதுமா?

நயாராவுக்குப் பிறகு ‘சுதேசி’ மென்பொருள் பற்றிய பேச்சு வேகம் பிடித்தது. மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மெயில் கணக்குகள் ஜோஹோவின் தளத்துக்கு மாறியிருக்கின்றன. 1996-ல் தொடங்கி, சொந்த டேட்டா சென்டர்களை வைத்து, தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் போட்டு உலகச் சந்தைக்கு மென்பொருள் செய்யும் ஜோஹோவின் வளர்ச்சியில் எனக்கும் பெருமை உண்டு. தென்காசிப் பிள்ளைகள் ஊரை விட்டுப் போகாமலே இந்த வேலையைச் செய்ய முடிகிறது என்பது சாதாரண விஷயமில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்கக் கம்பெனியிடம் கேட்க வேண்டிய கேள்விகளை உள்ளூர்க் கம்பெனியிடமும் கேட்க வேண்டும். சி-எட்ஜ் முழுக்க இந்திய நிறுவனம்தான். வெளிநாட்டுத் தடையிலிருந்து உள்ளூர் மென்பொருள் காப்பாற்றும். தவறான அப்டேட்டிலிருந்தோ, ரான்சம்வேரிலிருந்தோ, அடுத்த ஆண்டு விலை ஏற்றத்திலிருந்தோ அது தானாகக் காப்பாற்றாது.

கேரளம் இதில் கவனிக்க வேண்டிய முன்மாதிரி. அங்கே அரசுப் பள்ளிகளின் கம்ப்யூட்டர்கள் பல ஆண்டுகளாக லினக்ஸில் ஓடுகின்றன. அதைத் தங்கள் பாடத்திட்டத்துக்கு ஏற்ப மாற்றி வெளியிடும் வேலையைக் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமே செய்கிறது. லைசென்ஸ் பணம் மிச்சமாவது ஒரு லாபம். அதைவிடப் பெரிய லாபம், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த ஆட்கள் அரசிடமே இருப்பது. தமிழ்நாட்டிலும் எல்காட் என்ற அரசு நிறுவனத்தில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். இருந்த காலத்தில் அரசு அலுவலகங்களை லினக்ஸுக்கு மாற்றும் முயற்சி நடந்தது. அதிகாரி மாறியதும் வேகம் போய்விட்டது.

ஆளை வீட்டுக்கு அனுப்பினால் யார் எழுப்புவது?

2024 ஜூலை 19 அன்று உலகத்தை எழுப்பியது செயற்கை நுண்ணறிவு அல்ல. பென் டிரைவோடு மேஜை மேஜையாகப் போன சப்போர்ட் ஊழியர்கள். நிறுவனச் செலவைக் குறைக்கும் பட்டியலில் முதலில் வருவதும் அவர்கள்தான். 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் பணியாளர்களில் 2 சதவீதம், அதாவது 12,000-க்கும் மேற்பட்டோரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. பாதிக்கப்பட்டவர்களில் அதிகம் பேர் நடுத்தர, மூத்த நிலையில் இருந்தவர்கள். எந்த சர்வர் எதை நம்பி ஓடுகிறது, இருபது ஆண்டுக்கு முன் எழுதிய நிரல் ஏன் அப்படி எழுதப்பட்டது என்பதெல்லாம் அந்த அனுபவசாலிகளின் தலைக்குள்தான் இருக்கும். பெரும்பாலான நிறுவனங்களில் அது ஏட்டில் ஏறுவதே இல்லை. அவர்கள் போன பிறகு வரும் நீலத்திரைக்கு எந்த சாட்பாட்டும் பதில் சொல்லாது.

இப்போது எல்லா நிறுவனங்களும் ஏஐ வாங்க ஓடுகின்றன. அதுவும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில நிறுவனங்களின் டேட்டா சென்டர்களில் இருந்து வாடகைக்கு வருவதுதான். பழைய தவறைப் புதிய பெயரில் செய்யப்போகிறோம் என்ற அச்சம் எனக்கு உண்மையிலேயே இருக்கிறது.

கையெழுத்துக்கு முன்னால்

எனக்குத் தெரிந்த ஒரு சிறிய ஏற்றுமதி நிறுவனம் தன் கணக்கு, ஸ்டாக் எல்லாவற்றையும் ஒரு க்ளவுட் மென்பொருளில் வைத்திருந்தது. சந்தா கூடியதும் மாற முடிவு செய்து தரவைக் கேட்டார்கள். ஆண்டுக்கணக்கான பில்கள் பிடிஎஃப் கோப்புகளாக வந்தன. வேறு எந்த மென்பொருளிலும் ஏற்ற முடியாத வடிவம் அது. ஆட்களை வைத்து மறுபடி தட்டச்சு செய்வதைவிட, கேட்ட பணத்தைக் கட்டுவது மேல் என்று அங்கேயே தங்கிவிட்டார்கள்.

சேரும்போது யாரும் வெளியேறுவதைப் பற்றிப் பேசுவதில்லை. பேச வேண்டிய நேரம் அதுதான். விற்பவர் டெமோ காட்டும்போதே, என் மொத்தத் தரவையும் எக்ஸலிலோ சிஎஸ்வியிலோ இப்போது எடுத்துக் காட்டுங்கள் என்று கேளுங்கள். பேக்கப் இருக்கிறது என்று உங்கள் ஐடி ஆள் சொன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிலிருந்து ஒரு கம்ப்யூட்டரை முழுதாகத் திரும்ப எழுப்பிக் காட்டச் சொல்லுங்கள். திரும்ப எழுப்பிப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்றே கணக்கில் எடுப்பதில்லை. அந்த 48 இலக்க பிட்லாக்கர் எண்களை அச்சிட்டு பீரோவில் பூட்டிவையுங்கள். எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஒரே நிமிடத்தில் அப்டேட் ஆகாதபடி இரண்டு, மூன்று தொகுதிகளாகப் பிரியுங்கள். சர்வர் ஒரு நாள் முழுக்க வராவிட்டால் பில் எப்படிப் போடுவது, லோடு எப்படி அனுப்புவது என்று பேப்பரில் ஒரு நடைமுறை எழுதி, ஆண்டுக்கு ஒரு நாள் அதன்படி வேலை செய்து பாருங்கள். இதில் எதற்கும் பெரிய பணம் தேவையில்லை.

அரசிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கொடுத்திருக்கும் பாதுகாப்பை, க்ளவுட் சேவை வாங்கும் எல்லாத் தொழில்களுக்கும் சட்டமாக்க வேண்டும். தரவைப் பயன்படுத்தக்கூடிய வடிவத்தில் திருப்பித் தருவதும், முன்னறிவிப்பும் அவகாசமும் இல்லாமல் சேவையை நிறுத்தாமல் இருப்பதும் வாடிக்கையாளரின் உரிமை என்று எழுத வேண்டும். ஐரோப்பா எழுதிவிட்டது. சிறு, குறு தொழில்கள் அதிகம் உள்ள தமிழ்நாட்டின் எம்.பி.க்களும் தொழில் சங்கங்களும் டெல்லியில் இதை முதலில் எழுப்ப வேண்டும். கோவை, திருப்பூர், சிவகாசி, ஓசூர் சங்கங்கள் அடுத்த பட்ஜெட் கோரிக்கை மனுவிலேயே இதைச் சேர்க்கட்டும்.